சொத்துச் சட்டத் தாளுக்குக் கைடு வாங்கும் முன்

சட்டக் கல்லூரியில் சொத்துச் சட்டம் என்று ஒரே தாளாக வருவதற்குள் இரண்டு சட்டங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், இன்னொன்று அதே ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் (அடுத்தவர் நிலத்தில் வழி, நீர் போன்றவற்றுக்கு இருக்கும் உரிமை பற்றியது). இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி இது கட்டாயத் தாள். மூன்றாண்டுப் படிப்பானாலும் ஐந்தாண்டுப் படிப்பானாலும் எழுதித்தான் ஆக வேண்டும். இதற்கென்று கடையில் அடுக்கி வைத்திருக்கும் கைடுகளைப் பார்த்தால் அட்டை மட்டும் வேறாக, உள்ளே எல்லாம் ஒன்று போலத்தான் தோன்றும். ஆனால் வேறுபாடு பெரிது. இருபது நிமிடம் நின்று சரியான பக்கங்களைப் புரட்டினால் கண்டுபிடித்துவிடலாம். எந்தப் பக்கங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு கணக்கு. சொத்து மாற்றுச் சட்டத்தில் எட்டு அத்தியாயங்கள், 137 பிரிவுகள். இரண்டாம் அத்தியாயம் 5 முதல் 53ஏ வரை போகிறது. இது பொதுக் கோட்பாடுகளின் பகுதி. நான்காம் அத்தியாயம் 58 முதல் 104 வரை, முழுக்க அடமானமும் சார்ஜும் (சொத்தின் மீது சுமத்தும் கடன் பொறுப்பு). கிரயத்துக்கு நாலே பிரிவுகள் (54 முதல் 57 வரை), குத்தகைக்கு 105 முதல் 117 வரை, பரிவர்த்தனைக்கு 118 முதல் 121 வரை, தானத்துக்கு 122 முதல் 129 வரை, கடைசியில் ஆக்ஷனபிள் கிளெய்முக்கு (வழக்குப் போட்டுப் பெறக்கூடிய கடன் போன்ற கோரிக்கை) 130 முதல் 137 வரை. கைடின் பொருளடக்கத்தைத் திறந்து, இரண்டாம் அத்தியாயத்துக்கும் நான்காம் அத்தியாயத்துக்கும் எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து புத்தகத்தில் பாதிக்குக் கீழே இருந்தால், எழுதியவர் கஷ்டமான இடங்களை ஓடிக் கடந்திருக்கிறார் என்று பொருள். வசதியுரிமைச் சட்டம் கடைசி எட்டுப் பக்கத்தில் பிற்சேர்க்கை போல ஒட்டியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பேர் ஆக்ட் இல்லாமல் கைடு வேண்டாம்

செமஸ்டர் தொடங்கியதும் வாங்க வேண்டிய முதல் புத்தகம் பேர் ஆக்ட், அதாவது விளக்கவுரை இல்லாமல் சட்டத்தின் பாடம் மட்டும் உள்ள புத்தகம். இந்தத் தாளில் தேர்வாளர் எதிர்பார்ப்பது பிரிவின் சொற்களைத்தான். "கிரயம் என்றால் சொத்தை விற்பது" என்று எழுதினால் மதிப்பெண் வராது. விலை கொடுக்கப்பட்டோ, கொடுப்பதாக உறுதி சொல்லியோ, ஒரு பகுதி கொடுத்து மீதிக்கு உறுதி சொல்லியோ உடைமையுரிமை மாறுவதுதான் 54-ஆம் பிரிவின் கிரயம். பாதி விலைதான் கொடுத்திருக்கிறார், கிரயம் முடிந்ததா என்று கேட்கும் பிரச்சினை வினாவுக்கு விடை அந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. கைடுகள் பிரிவைச் சுருக்கும்போது முதலில் காணாமல் போவது இப்படிப்பட்ட "அல்லது"கள்தான்.

பேர் ஆக்டிலும் தரம் உண்டு. அடிக்குறிப்பில் எந்த ஆண்டின் எந்தத் திருத்தம் எந்தச் சொல்லை மாற்றியது என்று இருக்க வேண்டும். மாநிலத் திருத்தங்கள் தனியே காட்டப்பட்டிருக்க வேண்டும். பிரிவுகளின் கீழுள்ள உதாரணங்கள் ஒன்றுகூட விடுபடக் கூடாது. பக்கவாட்டில் வெற்று ஓரம் தாராளமாக இருந்தால் இன்னும் நல்லது, வகுப்பில் குறிப்பெழுத உதவும். ஆனால் தேர்வு மண்டபத்துக்குக் கொண்டுபோக இன்னொரு பிரதி வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். அகில இந்திய பார் தேர்வில் குறிப்புகள் இல்லாத பேர் ஆக்டுக்குத்தான் அனுமதி. காசு இடிக்கிறதென்றால் மத்திய அரசின் இந்தியா கோட் தளத்தில் சட்டத்தின் பாடம் இலவசமாகவே கிடைக்கிறது. படிக்க அதை அச்செடுத்துக்கொண்டு, தேர்வுக்கு மட்டும் ஒரு சுத்தமான பிரதியை வாங்கலாம்.

கைடு என்ற பெயரில் விற்பவை

கடைக்காரரிடம் "டி.பி. ஆக்ட் கைடு" (சொத்து மாற்றுச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம்) என்று கேட்டால் நான்கு விதமான புத்தகங்களில் ஏதாவது ஒன்று கையில் வரும். எது எதற்கு என்று தெரியாமல் வாங்குவதால்தான் ஒரே தாளுக்கு மூன்று புத்தகம் வாங்கியும் படிக்க ஒன்றுமில்லாமல் நிற்கிறார்கள்.

கமென்டரி வழக்கறிஞருக்கானது. முல்லாவின் பெயரில் வரும் பெரிய உரை இதற்கு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம். ஒவ்வொரு பிரிவுக்கும் நூற்றாண்டுக்கு மேலான தீர்ப்புகளை அடுக்கித் தரும். செமஸ்டர் தேர்வுக்கு இதை முதலிலிருந்து படிக்க முயல்வது வீண். மூட் கோர்ட்டுக்கும் (மாதிரி நீதிமன்றப் போட்டி), ஒரு பிரிவில் உயர் நீதிமன்றங்கள் எதிரெதிராக என்ன சொல்லியிருக்கின்றன என்று பார்க்கவும் நூலகத்தில் எடுத்துப் பார்த்தால் போதும். சொந்தமாக வாங்கத் தேவையில்லை.

பாடநூல் கோட்பாட்டை விளக்கும். ஏன் இந்த விதி வந்தது, எந்த விலக்கு எதற்காக என்று சொல்லும். உங்கள் பணத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போக வேண்டும்.

கேள்வி-பதில் கைடு பழைய வினாத்தாள்களின் கேள்விகளைப் போட்டு விடையை எழுதித் தந்திருக்கும். ஒல்லியான ரிவிஷன் புத்தகம் தலைப்புகளையும் வழக்குப் பெயர்களையும் மட்டும் தரும். இந்த இரண்டும் கடைசி மாதத்துக்கு உரியவை. பாடநூலின் இடத்தில் இவற்றை வைத்தால் கட்டுரை வினாவில் ஒப்பேற்றிவிடலாம், பிரச்சினை வினாவில் மாட்டிக்கொள்வீர்கள். கேள்வி-பதில் கைடில் ஒவ்வொரு பிரிவும் தனித்தனி விடையாகக் கிடக்கும். பிரச்சினை வினாவோ எப்போதும் இரண்டு பிரிவுகள் உரசும் இடத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

அந்த உரசல்தான் முதல் சோதனை. 6-ஆம் பிரிவின் (ஏ) உட்பிரிவு, வாரிசாக வரப்போகிறோம் என்ற வெறும் எதிர்பார்ப்பை மாற்றித் தர முடியாது என்கிறது. 43-ஆம் பிரிவோ, தனக்கு உரிமை இருப்பதாகச் சொல்லி விற்றவருக்குப் பின்னால் அந்த உரிமை கிடைத்தால் வாங்கியவர் அதைக் கேட்டுப் பெறலாம் என்கிறது. அப்பா உயிரோடிருக்கும்போதே மகன் அப்பாவின் நிலத்தை விற்றுவிட்டு, பிறகு வாரிசாக அதை அடைந்தால் எந்தப் பிரிவு? ஜும்மா மஸ்ஜித் மெர்க்காரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-இல் இதற்கு விடை சொன்னது. சொத்து ஏற்கெனவே தமக்கு வந்துவிட்டதாகச் சொல்லி விற்று, வாங்கியவரும் அதை நம்பியிருந்தால் 43 செல்லும். நாளைக்கு வரப்போகிறது என்பது இருவருக்கும் தெரிந்தே விற்றால் 6(ஏ) தடுக்கும். கைடில் 43-ஆம் பிரிவின் பக்கத்தைத் திறங்கள். இந்தப் பிரிப்பு இருக்கிறதா, அல்லது பிரிவிலுள்ள உதாரணத்தை அப்படியே திரும்ப எழுதிவிட்டு "ஆகவே இது எஸ்டாப்பல் கோட்பாடு" (தான் சொன்னதைப் பின்னால் மறுக்க முடியாது) என்று முடித்திருக்கிறார்களா? பின்னது என்றால் புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிடலாம்.

பதிப்பாண்டை நம்பாதீர்கள்

அட்டையில் இந்த ஆண்டின் எண் இருக்கும். உள்ளே பக்கங்கள் இருபது வருடம் பழையவையாக இருக்கும். மறுஅச்சையே புதிய பதிப்பென்று விற்பது இத்துறையில் சாதாரணம். அதனால் ஆண்டைப் பார்க்காமல் பிரிவைப் பாருங்கள்.

53ஏ பிரிவு இதற்கு மிக நல்ல இடம். 1929-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த பிரிவு இது. எழுத்து மூலமான ஒப்பந்தத்தின் பேரில் சொத்தைக் கையில் பெற்று, ஒப்பந்தத்தை நிறைவேற்றும் வகையில் ஏதாவது செய்து, தன் பங்கை முடிக்கத் தயாராகவும் இருக்கும் வாங்குபவரை, விற்பவர் வெளியேற்ற முடியாது. முதலில் இருந்த சொற்கள், ஒப்பந்தம் பதிவாகாமல் இருந்தாலும் இந்தப் பாதுகாப்பைத் தந்தன. 2001-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 24.9.2001 முதல் அந்தச் சொற்களை எடுத்துவிட்டது. பதிவுச் சட்டத்தில் 17(1ஏ) என்ற உட்பிரிவும் சேர்ந்தது. அந்தத் தேதிக்குப் பிறகான ஒப்பந்தம் பதிவாகவில்லை என்றால் 53ஏ துணைக்கு வராது. "பதிவு செய்யாத ஒப்பந்தமும் போதும்" என்று இன்னமும் சொல்லும் கைடுகள் கடையில் இருக்கின்றன. அவற்றை நம்பி எழுதினால் முழு விடையும் தவறு.

தமிழ்நாட்டு மாணவருக்கு இதில் இன்னொரு அடுக்கு உண்டு. தமிழ்நாடு 2012-இல் பதிவுச் சட்டத்தைத் திருத்தி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை ஒப்பந்தங்களையும் கட்டாயப் பதிவின் கீழ் கொண்டுவந்தது. அப்படியானால் பதிவாகாத ஒப்பந்தத்தை வைத்து, கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட முடியாதா? முடியும், அந்த வழக்கில் ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. இது இருக்கும் கைடு உண்மையாகவே புதுப்பிக்கப்பட்டது. டெல்லியிலோ அலகாபாத்திலோ அச்சாகும் நூலில் இது இல்லாவிட்டால் குற்றம் சொல்ல முடியாது, நீங்களே ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். தமிழ்நாட்டு மாணவருக்கென்றே எழுதியதாக முன்னுரையில் சொல்லும் நூலில் இல்லாவிட்டால் அது குறை.

அடுத்து 106-ஆம் பிரிவு. விவசாயம் அல்லது உற்பத்திக்கான குத்தகைக்கு ஆறு மாத நோட்டீஸ், மற்றவற்றுக்குப் பதினைந்து நாள் என்பது எல்லாக் கைடிலும் இருக்கும். அதற்கு அடுத்த வரியைப் பாருங்கள். வாடகை மாதத்தின் கடைசி நாளோடு நோட்டீஸ் முடிய வேண்டும் என்பது பழைய விதி. அந்த ஒரு நாள் பிசகியதால் தோற்ற வழக்குகள் ஏராளம். 31.12.2002 முதல் அமலான திருத்தம் அதைத் துடைத்துவிட்டது. இப்போது நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து காலம் ஓடும். நோட்டீஸில் குறித்த காலம் குறைவாக இருந்தாலும், சட்டம் சொன்ன காலம் கழிந்த பிறகு வழக்குப் போட்டிருந்தால் நோட்டீஸ் செல்லும். பழைய விதியை நிகழ்காலத்தில் எழுதியிருக்கும் புத்தகம் 2002-க்கு முன் எழுதப்பட்டு அட்டை மட்டும் மாறியது.

மூன்றாவது, அட்டெஸ்டேஷன், அதாவது பத்திரத்தில் சாட்சிகள் கையெழுத்திடுவது. அடமானப் பத்திரத்துக்கும் தானப் பத்திரத்துக்கும் இரண்டு சாட்சிகள் வேண்டும். அவற்றை நீதிமன்றத்தில் நிரூபிக்கும் முறையைச் சொல்லும்போது பழைய நூல்கள் சாட்சியச் சட்டம் 68-ஆம் பிரிவைக் காட்டும். 1.7.2024 முதல் அந்த இடத்தில் பாரதீய சாக்ஷிய அதிநியமின் 67-ஆம் பிரிவு. இதைக் கவனித்து மாற்றியிருக்கும் பதிப்பாசிரியர் மற்றதையும் கவனித்திருப்பார் என்று ஓரளவு நம்பலாம்.

வழக்குகளை எப்படித் தந்திருக்கிறார்கள்

வழக்குப் பெயர்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு கோட்பாட்டுக்கு ஒன்றிரண்டு வழக்கு போதும், ஆனால் அந்த ஒன்றில் நடந்தது என்ன, கேள்வி என்ன, காரணம் என்ன என்ற மூன்றும் இருக்க வேண்டும். சாந்தாபாய் எதிர் பம்பாய் மாநிலம் என்ற 1958-ஆம் ஆண்டு வழக்கை எடுத்துப் பாருங்கள். 3-ஆம் பிரிவு, வெட்டத் தயாராக நிற்கும் மரம் அசையாச் சொத்தில் சேராது என்கிறது. கணவர் பதிவு செய்யாத பத்திரத்தின் மூலம் மனைவிக்கு 12 ஆண்டுகள் காட்டில் மரம் வெட்டும் உரிமை தந்தார். அது அசையும் சொத்தா, அசையாச் சொத்தா? அத்தனை ஆண்டு மண்ணின் சத்தை உறிஞ்சி வளரப்போகும் மரத்தின் மீதான உரிமை அசையாச் சொத்துதான், எனவே பதிவு வேண்டும். இவ்வளவையும் ஐந்தாறு வரியில் சொல்லிவிடலாம். "சாந்தாபாய் வழக்கில் மரம் அசையாச் சொத்து எனத் தீர்ப்பு" என்று ஒரு வரியில் முடிக்கும் கைடு உங்களைத் தவறான விடைக்கே தள்ளும். தேக்கு மரத்தை மறுவாரமே வெட்டி எடுப்பதாக விற்றால் விடை தலைகீழ்.

காரணம் இல்லாத வழக்குக் குறிப்பு கெடுத்துவிடும் இன்னொரு இடம் 52-ஆம் பிரிவு, லிஸ் பென்டென்ஸ் (வழக்கு நிலுவையில் இருக்கும்போது சொத்தை மாற்றுவது). 1857-இல் பெல்லமி எதிர் சபீன் வழக்கு இதற்கு என்ன அடிப்படை சொன்னது என்று பாருங்கள். வழக்கு நடக்கும்போதெல்லாம் சொத்தைக் கைமாற்ற விட்டால் எந்த வழக்கும் முடிவுக்கு வராது. அதனால்தான் வாங்கியவருக்கு வழக்கு நடப்பது தெரியுமா என்ற கேள்வியே எழாது. அதே காரணத்தால்தான் அந்தக் கிரயம் செல்லாததாகவும் ஆகாது. கடைசியில் வரும் டிக்ரிக்கு (தீர்ப்பாணைக்கு) கட்டுப்பட்டதாக நிற்கும், அவ்வளவே. "வழக்கு நிலுவையில் செய்த மாற்றம் செல்லாது" என்று கைடு எழுதியிருந்தால் அது அச்சுப்பிழை இல்லை, விஷயமே தெரியாத பிழை.

கோடு போட்டுக் காட்டாத கைடு

13, 14-ஆம் பிரிவுகளைச் சொற்களால் மட்டும் விளக்கிப் புரியவைப்பது கடினம். ராமனுக்கு ஆயுள் முழுக்க, பிறகு ராமனுக்குப் பிறக்கப்போகும் மகனுக்கு ஆயுள் முழுக்க, பிறகு அந்த மகனின் மகனுக்கு என்று எழுதிவைத்தால் எது நிற்கும்? பிறக்காதவருக்குக் கொடுத்தால் மீதி உரிமை முழுவதையும் கொடுக்க வேண்டும் என்பது 13-ஆம் பிரிவு. ஆயுள் மட்டும் என்று கொடுத்ததால் மகனுக்குத் தந்தது விழும், அதை நம்பி நின்ற பேரனுக்குத் தந்ததும் விழும். 14-ஆம் பிரிவு வேறு கேள்வி கேட்கிறது: இப்போது உயிரோடிருப்பவரின் ஆயுளுக்குப் பிறகு, பெறப்போகிறவர் மேஜராகும் காலத்தையும் தாண்டி உரிமை போய்ச் சேர்வதைத் தள்ளிப்போட முடியாது. ஒரு கால வரிசைக் கோடு, அதில் யார் எப்போது பிறக்கிறார், யார் எப்போது இறக்கிறார், உரிமை எந்தப் புள்ளியில் போய்ச் சேர்கிறது என்ற படம் இருந்தால் பதினைந்து நிமிடத்தில் புரியும் விஷயம். படம் இல்லாத கைடு இந்தப் பகுதியில் சட்டத்தின் வாக்கியத்தையே மறுபடி எழுதியிருக்கும். வெஸ்டட் (இப்போதே உறுதியான), கன்டிஞ்சென்ட் (நிபந்தனை நிறைவேறினால் மட்டும் வரும்) உரிமைகளுக்கும் (19, 21) இதே அளவுகோல்தான்.

உதாரணம் சொந்தமானதா என்பதையும் பாருங்கள். எலெக்ஷன் கோட்பாட்டின் (இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்) 35-ஆம் பிரிவில் சுல்தான்பூர் பண்ணை என்ற உதாரணம் இருக்கிறது. 800 ரூபாய் மதிப்புள்ள சி-யின் பண்ணையை ஏ என்பவர் பி-க்குக் கொடுப்பதாக எழுதி, அதே பத்திரத்தில் சி-க்கு 1,000 ரூபாய் தருகிறார். சி பண்ணையை வைத்துக்கொண்டால் ஆயிரத்தை இழப்பார். பேர் ஆக்டிலேயே இருக்கும் இதைக் கைடு மீண்டும் அச்சடித்துத் தர வேண்டியதில்லை. பண்ணையின் மதிப்பு 1,200 ஆனால் என்ன, சி தன் உரிமை தெரியாமலே பணத்தை வாங்கிவிட்டால் என்ன என்று எண்ணையும் சூழலையும் மாற்றிக் கேட்டிருக்கிறார்களா? கேட்டிருந்தால் வாங்கலாம்.

அடமானம்: கைடுகள் சறுக்கும் இடம்

நேரம் குறைவாக இருந்தால் மற்ற சோதனைகளை விட்டுவிட்டு இந்த அத்தியாயத்தை மட்டும் பாருங்கள். 58-ஆம் பிரிவில் ஆறு வகை அடமானங்கள்: சாதா அடமானம், நிபந்தனைக் கிரய அடமானம், நம் ஊரில் ஒத்தி என்று சொல்லும் அனுபவ அடமானம், ஆங்கில அடமானம், மூலப் பத்திரத்தை ஒப்படைத்துச் செய்யும் அடமானம், இவற்றில் அடங்காத அனாமலஸ் அடமானம். ஆறையும் வரையறுத்துவிட்டு அடுத்த தலைப்புக்குத் தாவும் புத்தகம் உதவாது. ஆறுக்கும் பொதுவான ஓர் அட்டவணை வேண்டும். கைவசம் யாரிடம், கடன்பட்டவர் சொந்தப் பொறுப்பும் ஏற்கிறாரா, பத்திரமும் பதிவும் வேண்டுமா, பணம் வராவிட்டால் என்ன வழி என்ற நான்கு கேள்விகளுக்கு ஒவ்வொரு வகைக்கும் விடை அதில் இருக்க வேண்டும்.

கடைசிக் கட்டத்தில்தான் தவறுகள் குவியும். 67-ஆம் பிரிவின்படி மீட்கும் உரிமையை அடைத்துவிடும் ஃபோர்குளோஷர் வழக்கு, நிபந்தனைக் கிரய அடமானம் வாங்கியவருக்கும், ஒப்பந்தத்தில் அந்த உரிமை பெற்ற அனாமலஸ் அடமானம் வாங்கியவருக்கும் மட்டுமே. ஆங்கில அடமானத்துக்கு விற்பனை வழிதான். ஒத்தி வாங்கியவருக்கு ஒத்திதாரர் என்ற முறையில் இரண்டுமே இல்லை. ஆங்கில அடமானத்தின் எதிரே ஃபோர்குளோஷர் என்று போட்டிருந்தால், இங்கிலாந்துச் சட்டத்தையோ மிகப் பழைய குறிப்பையோ பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதேபோல நிபந்தனைக் கிரயத்துக்கு 1929-இல் சேர்ந்த வரம்புரையைத் தேடுங்கள். திருப்பித் தரும் நிபந்தனை அந்தக் கிரயப் பத்திரத்திலேயே இருக்க வேண்டும், தனிக் காகிதத்தில் எழுதினால் அது அடமானம் ஆகாது. தேர்வாளர்களுக்கு மிகவும் பிடித்த பிரச்சினை வினா இது.

மீட்பு உரிமையில், "ஒன்ஸ் எ மார்ட்கேஜ், ஆல்வேஸ் எ மார்ட்கேஜ்" (அடமானம் எப்போதும் அடமானமே) என்ற வாசகத்தோடு நின்றுவிடுகிறார்களா, அல்லது கங்காதர் எதிர் சங்கர்லால் வழக்கைக் கொண்டுவந்து நீண்ட காலம் கழித்தே மீட்கலாம் என்று பத்திரம் சொல்வது மட்டுமே மீட்பு உரிமைக்குத் தடையாகாது என்பதைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். ஒத்தியை மீட்க 30 ஆண்டுக் காலவரம்பு பத்திரத் தேதியிலிருந்து ஓடும் என்று எழுதியிருந்தால் 2014-ஆம் ஆண்டின் சிங் ராம் எதிர் ஷியோ ராம் தீர்ப்பு சேரவில்லை. ஒத்தியில் அப்படிக் காலம் ஓடாது, 62-ஆம் பிரிவின்படி பணம் தீர்ந்ததிலிருந்துதான். தமிழ்நாட்டில் பழைய ஒத்திப் பத்திரங்கள் இன்னமும் நீதிமன்றத்துக்கு வந்துகொண்டிருப்பதால் பிற்காலத் தொழிலுக்கும் இது வேண்டும்.

மார்ஷலிங் (முதல் கடன்காரர் இன்னொரு சொத்திலிருந்து முதலில் வசூலிக்கக் கேட்பது), கான்ட்ரிபியூஷன் (கடன் சுமையைப் பங்கிடுவது), சப்ரோகேஷன் (கடனைத் தீர்த்தவர் கடன்காரரின் இடத்துக்கு வருவது) மூன்றும் (81, 82, 92) எண்கள் போட்டுக் காட்டினால் மட்டுமே புரியும். இரண்டு சொத்து, இரண்டு கடன்காரர், தொகையோடு ஒரு கணக்கு இருக்கிறதா பாருங்கள்.

குத்தகையும் வசதியுரிமையும்

குத்தகைக்கும் லைசென்ஸுக்கும் (இடத்தைப் பயன்படுத்தத் தரும் வெறும் அனுமதி) வித்தியாசம் கேட்காத வினாத்தாள் அரிது. 105-ஆம் பிரிவோடு வசதியுரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும் ஒரே இடத்தில் வைத்து, 1959-ஆம் ஆண்டின் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கின் அளவுகோல்களை விளக்கும் நூல் நல்லது. இரண்டு சட்டங்களையும் இரண்டு தீவுகளாக வைத்திருக்கும் நூலில் இந்த விடையை நீங்களே கோக்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தைப் பற்றி ஒரு பத்தியாவது இருந்தால், அது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்கிறதா, 22.2.2019 முதல் நடப்பிலுள்ள 2017-ஆம் ஆண்டின் 42-ஆம் சட்டத்தைச் சொல்கிறதா என்று பாருங்கள்.

வசதியுரிமைச் சட்டத்தில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான்: 4-ஆம் பிரிவின் வரையறை, 13-இல் அவசியத்தால் வரும் உரிமை, 15-இல் 20 ஆண்டு அனுபவம் (அரசு நிலமானால் 30), 60-இல் திரும்பப் பெற முடியாத லைசென்ஸ். 15-ஆம் பிரிவுக்கு அந்த 20 ஆண்டு வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை விடுபட்டிருந்தால் அந்தப் பகுதியை நம்ப வேண்டாம்.

சீனியர் நோட்ஸ், தமிழ்க் கைடு, ஏஐ

ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் சீனியர் நோட்ஸுக்கு ஒரு பயன் உண்டு. உங்கள் ஆசிரியர் எதை அழுத்திச் சொல்கிறார் என்று அதிலிருந்து தெரியும். சட்டத்தை அதிலிருந்து படிக்க வேண்டாம். பிரிவு எண்கள் பிரதி எடுக்க எடுக்க மாறிப்போயிருக்கும்.

தமிழில் தேர்வு எழுதுவோர், தமிழ்க் கைடு ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் ஆங்கிலப் பெயரையும் பிரிவு எண்ணையும் தருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் வேறு வேறு தமிழ்ச் சொல் போடுவதால், பிரிவு எண் இல்லாவிட்டால் வகுப்புக் குறிப்போடு கைடைப் பொருத்திப் பார்க்க முடியாது. விடைத்தாளிலும் பிரிவு எண்ணைப் போட்டுவிட்டால் எந்தத் தமிழ்ச் சொல் எழுதினாலும் தேர்வாளருக்குக் குழப்பம் வராது.

ஏஐ செயலிகளிடம் கோட்பாட்டை விளக்கச் சொல்லலாம். வழக்குகளைக் கேட்டால், இல்லாத வழக்கை இருப்பது போலவே பெயரும் ஆண்டும் போட்டுத் தரும் ஆபத்து உண்டு. கிடைத்த ஒவ்வொரு வழக்கையும் உச்ச நீதிமன்றத்தின் இலவச இ-எஸ்சிஆர் தளத்திலோ இந்தியன் கானூனிலோ தேடி, கண்ணால் பார்த்த பிறகே குறிப்பில் எழுதுங்கள்.

எப்போது, எந்த வரிசையில்

முதல் வாரம் பேர் ஆக்ட். பாடநூலை இரண்டு மூன்று வாரம் கழித்து வாங்குங்கள். ஆசிரியர் எந்த வரிசையில் போகிறார், எங்கே நிற்கிறார் என்று அதற்குள் தெரிந்திருக்கும். கூடவே கடைசி ஐந்து ஆண்டு வினாத்தாள்களை எடுத்து, எந்தப் பிரிவு எத்தனை முறை வந்திருக்கிறது என்று பேர் ஆக்டின் ஓரத்தில் கோடு போட்டு வாருங்கள். கோடு நிறைய விழுந்த பிரிவுகளை வைத்தே மேலே சொன்ன சோதனைகளைச் செய்யலாம். கேள்வி-பதில் கைடு கடைசி மாதம், அதுவும் விடைகளைப் படிக்க அல்ல. கேள்வியை மட்டும் பார்த்து நீங்கள் எழுதிய விடையைப் பிறகு ஒப்பிட.

சிவில் நீதிபதித் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் பாடநூலில் கூடுதலாகச் செலவழியுங்கள். தானம் (122 முதல் 129 வரை), ஆக்ஷனபிள் கிளெய்ம் பகுதிகள் செமஸ்டரில் தப்பிவிடும், அங்கே தப்பாது.

பாரிமுனையில் பழைய புத்தகமாக வாங்குவதில் தவறில்லை. நல்ல பாடநூலின் பழைய பதிப்பு, மோசமான கைடின் புதிய பதிப்பைவிட மேல். வாங்கிய அன்றே பென்சிலை எடுத்து ஐந்து இடங்களைத் திருத்திவிடுங்கள்: 53ஏ-க்கு எதிரே 24.9.2001 திருத்தமும் ஹேமலதா தீர்ப்பும், 106-க்கு எதிரே 31.12.2002 திருத்தம், 54-க்கு எதிரே, பவர் பத்திரத்தாலும் உயிலாலும் கிரயம் ஆகாது என்ற 2011-ஆம் ஆண்டின் சூரஜ் லாம்ப் தீர்ப்பு, அட்டெஸ்டேஷன் பக்கத்தில் புதிய சாட்சியச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு, வாடகைப் பகுதியில் தமிழ்நாட்டின் 2017 சட்டம். புத்தகம் 2014-க்கு முந்தையது என்றால் ஒத்திப் பகுதியில் சிங் ராம் வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை.